முற்றத்தில் திரும்பும் பஸ்

டால்மி என்கிற கடலோர ஊருக்குப் போகும் தார்ச்சாலை மா பாங்சிக்கின் வீட்டு முற்றத்தில் வந்து முடிகிறது. அந்தப்புறம் பூண்டுக்காடு, அப்புறம் கடல் தடுப்புச் சுவர், அப்புறம் கடல். சாலை போட்ட காலத்தில் பாங்சிக்கின் அப்பா, அதிகாரிகள் வாங்கி ஊற்றிய அரிசிக் கள்ளின் தாராளத்தில், "பஸ்ஸு நம்ம வாசல்லயே வளைஞ்சிட்டுப் போகட்டுமய்யா, குடியா முழுகிடும்" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் கண்ணை மூடிவிட்டார். பஸ் நிற்கவில்லை. நாளுக்கு நாலு தரம் மேட்டைத் தாண்டி உறுமிக்கொண்டு இறங்கி, முற்றத்துக்குள் மூக்கை நுழைத்து, பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய், சன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்க ஒரு பொதி கரும்புகையைக் கக்கிவிட்டுத் திரும்பிப் போகும்.

கோடை முடிகிற சமயம் டால்மியில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் மிளகாய் காயும். பாங்சிக் வீட்டு மிளகாயின் மேல் மட்டும் கரி படிந்திருக்கும். "வத்தலை எடுத்துத் தேச்சா எல்லாருக்கும் கை சிவக்கும், எனக்குக் கை கறுக்குது" என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்வதோடு நிற்கவும் மாட்டார். பூண்டு விற்ற கையோடு வருசா வருசம் டவுனுக்குப் போய், வட்ட அலுவலகத்தில் பஸ்ஸுக்கு எதிராக ஒரு மனு கொடுத்துவிட்டு வருவார். அங்கே அவருக்குப் 'பஸ் ஐயா' என்று பேர். அவர் படியேறும்போதே உள்ளே ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

அந்தப் பஸ்ஸில்தான் அவர் பெண்டாட்டி யாங்சூன் சந்தைக்குப் போய்வந்தாள். அவள் கை தூபுவுக்கு டவுனில் தனி மவுசு. சோயாப் பயற்றை முதல் நாளே ஊறப்போட்டு, கோழி கூவுமுன் அரைத்து, பெரிய இரும்புக் கொப்பரையில் அடிபிடிக்காமல் கிண்டிக் காய்ச்சுவாள். பாலை வடிகட்டி, உப்பளத்துக் கசப்பு நீரைக் கரண்டி கரண்டியாகத் தெளிப்பாள். பால் திரிந்து மேகம் மேகமாக ஒதுங்கும்போது அதைத் துணி விரித்த மரப்பெட்டியில் அள்ளி ஊற்றி, மேலே பலகை வைத்துக் கல்லை ஏற்றுவாள். தண்ணீர் வடிந்து கட்டியானதும் துண்டு போட்டுத் தொட்டிகளில் அடுக்குவதற்கும், மேட்டில் பஸ் உறுமுவதற்கும் சரியாக இருக்கும். டிரைவர் குவோன் இறங்கி வந்து தொட்டிகளைத் தூக்கி வைப்பார். அதற்குக் கூலியாக வெந்நீரிலிருந்து எடுத்த ஒரு துண்டு தூபு, மேலே கொஞ்சம் கிம்ச்சி ஊறுகாய். அவர் அதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, இது பஸ் இல்லக்கா, தூபு வண்டி. நான்தான் அதுல ஓசியில ஏறி ஓட்டிக்கிட்டு வாரேன்" என்பார்.

பாங்சிக் அந்த நேரம் பார்த்து வீட்டின் பின்பக்கம் போய் நின்றுகொள்வார்.

பல மழைக்காலம் அசையாத மனு, ஒரு வசந்தத்தில் அசைந்தது. புவி கெடுகிறது, வானம் சூடாகிறது, ஒவ்வொரு வட்டமும் தன் புகையைத் தானே குறைத்துக் காட்டவேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. வட்டத்தில் பெரிய ஆலை எதுவும் இல்லை. புகை என்று பார்த்தால் வண்டிகள்தான். எனவே எந்தப் பஸ் எங்கே போகிறது, எத்தனை பேரை ஏற்றுகிறது, எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று பார்த்து மொத்தப் பாதைகளையும் திருத்தி எழுதும் வேலை, ப்யோ செயா என்கிற பெண் அதிகாரியிடம் வந்தது. முப்பது வயது இருக்கும். ஒருநாள் பஸ்ஸிலேயே கடைசி நிறுத்தம் வரைக்கும் வந்து இறங்கினாள். கூட இறங்கியவர்கள் யாங்சூனும் அவளுடைய காலித் தொட்டிகளும்தான்.

பாங்சிக் அவளை முற்றத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா? இம்புட்டுப் பெரிய வண்டி, அத்தனை சீட்டு, வந்து எறங்கினது யாரு? என் வீட்டுக்காரியும் நாலு தொட்டியும். இதுக்கா இந்தப் புகை?"

"நீங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்குங்கய்யா. ஒரே ஒருத்தருக்காக இந்த டீசல் பஸ் மேடேறி எறங்குறதை விட, அவங்க ஒரு சின்னக் கார்ல போனா புகை கம்மிதான்."

"அப்படிச் சொல்லு! இதைத்தான் நான் எங்கப்பன் செத்த நாள்லருந்து சொல்றேன். கவர்மென்டுக்கு இப்பத்தான் காது திறந்திருக்கு."

"ஆனா கணக்கு அத்தோட முடியாதுங்கய்யா. பஸ்ஸை எடுத்துட்டா ஆளுங்க எப்படிப் போவாங்கன்னு..."

"அதெல்லாம் போய்க்குவாங்க. ஊர்ல ஒரு சின்ன லாரி இல்லாத வீடு உண்டா? நீ எழுதிக்க. மா பாங்சிக் சொன்னாருன்னு எழுதிக்க."

அவள் 'ஆனா'வுக்கு அப்புறம் சொல்ல வந்ததை அவர் கேட்கவில்லை. அலுவலகத்தில் அவளுடைய பிரிவுத் தலைவர் நாம்குங்கும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது சீக்கிரம் மேலே காட்ட ஒரு குறைந்த எண். ஆள் குறைவான பாதைகளின் வாலை நறுக்கினால் அந்த எண் உடனே கிடைக்கும். டால்மி பஸ்ஸின் வால், மேட்டுக்கு அந்தப்பக்கம் முச்சந்தியோடு நறுக்கப்பட்டது.

சேதி ஊருக்கு வந்தது ஒலிபெருக்கி வழியாக. ஊர்த்தலைவர் ஓக், காலையில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டு எல்லாரையும் எழுப்பிவிட்டுத்தான் எதையும் அறிவிப்பார்.

"ஆ... ஆ... கேக்குதா? எல்லாருக்கும் வணக்கம். வார மாசம் ஒண்ணாந்தேதியிலருந்து நம்ம ஊருக்குள்ள பஸ் வராது. முச்சந்தியோட திரும்பிடும். நம்ம மா பாங்சிக் அண்ணன் இத்தனை காலம் சளைக்காமப் போராடினதை ஏத்துக்கிட்டு அரசாங்கம் இந்த முடிவை எடுத்திருக்கு. அண்ணனுக்கு ஊர் சார்பா... ஊர் சார்பா... சரி, மொளகாய்க்கு மருந்தடிக்கிறவங்க காத்து பாத்து அடிங்க."

பாங்சிக் வாயில் பல்துலக்கும் நுரையோடு முற்றத்தில் நின்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் யாங்சூன் கொப்பரைக்குப் பக்கத்தில், கையில் கரண்டியோடு நிற்கிறாள். கரண்டி கிண்டவில்லை.

"பால் அடிபிடிக்குது பாரு" என்றார்.

"பிடிக்கட்டும்."

"என்னடி இது, நல்ல சேதி வந்திருக்கு, மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? முச்சந்தி என்ன சீமையிலயா இருக்கு? நம்ம லாரி எதுக்கு இருக்கு? நான் கொண்டுபோய் விடுறேன். டவுன் வரைக்கும் ராணி மாதிரி போயிட்டு வா."

"உங்ககூடயா?"

"ஏன், என் வண்டிக்கு என்ன குறைச்சல்?"

"வண்டிக்கு ஒரு குறைச்சலும் இல்ல" என்றாள் யாங்சூன்.

என்ன குறைச்சல் என்பது முதல் சந்தை நாளிலேயே தெரிந்துபோனது. பாங்சிக் லாரியை ஓட்டுவது கண்ணால் அல்ல, வாயால். ஒரு பூண்டுக்காடு வந்துவிட்டால் போதும், வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கி, "எலே, இப்படியா பாத்தி கட்டுவாங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். காட்டுக்காரன் பதில் சொன்னால் வண்டியை ஓரங்கட்டுவார். பதில் சொல்லாவிட்டால் இறங்கியே போய்விடுவார். யாங்சூன் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பின்னால் தொட்டிகளில் தூபு ஆறிக்கொண்டிருக்கும்.

இது போதாதென்று ஊரும் வந்து ஏறிக்கொண்டது. புறப்படும் நேரம் பார்த்துப் பொல்கியோக்காரி கையில் பையோடு வாசலில் நின்றாள். பொல்கியோவிலிருந்து வாக்கப்பட்டு வந்து ஆயுசு முக்கால்வாசி இங்கேயே கழிந்தும் அவளுக்கு அந்தப் பேர்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க மதினி?" என்றார் பாங்சிக்.

"எலும்பு டாக்டர்கிட்ட. நீங்கதான பஸ்ஸை நிறுத்தினீங்க? நீங்கதான் கொண்டுபோய் விடணும்."

"உங்க வீட்ல லாரி இல்லையா?"

"இருக்கு. ஓட்டுறவரு கட்டிலோட கிடக்காரு. நான் ஓட்டவா? ஓட்டினா மொதல்ல உங்க சுவத்தைத்தான் இடிப்பேன், பரவாயில்லையா?"

லாரியின் முன்பக்கம் மூன்று பேருக்குத்தான் இடம். பின்தட்டில் ஆளை ஏற்றினால் டவுன் போலீஸ் பிடித்துக்கொள்வான். எனவே யாங்சூனையும் பொல்கியோக்காரியையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்பி வந்து, அடுத்த இருவரை ஏற்றிக்கொண்டு போய், மறுபடி காலியாக வருவார். பிற்பகலில் இதே காரியம் தலைகீழாக நடக்கும். மறுக்கவும் முடியாது. யார் வாசலில் வந்து நின்றாலும் ஒரே வாசகம்: "நீங்கதான பஸ்ஸை நிறுத்தினீங்க?" சந்தை இல்லாத நாளில் பல் வலி, முடி சுருட்டல், பேரன் பள்ளிக்கூட ஆட்டம். ஓக் ஒருநாள் ஒலிபெருக்கியில், "இன்னைக்கு அண்ணன் வண்டில ஒரு சீட்டு காலியா இருக்கு, வேணுங்கிறவங்க வரலாம்" என்று அறிவித்தபோது பாங்சிக் செருப்பைக் கழற்றிக் கூம்பைப் பார்த்து எறிந்தார். கூம்பு எட்டாத உயரத்தில் இருந்தது.

மூன்றாவது சந்தை நாள். வழியில் ஒரு காட்டில் முந்தின வருசத்துப் பூண்டு விலையைப் பற்றி வாக்குவாதம் நீண்டுவிட்டது. யாங்சூன் சந்தைக்குப் போய்ச் சேரும்போது அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருத்தி கணவாய் மீனைப் பரப்பியிருந்தாள். வாடிக்கைக்காரர்கள் தூபுவை ஆலையில் செய்த பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முக்கால்வாசித் தொட்டி அப்படியே கிடந்தது. பிற்பகலில் அழைத்துப்போக வந்த பாங்சிக், தூபு மிச்சமிருப்பதைப் பார்த்து, "பரவால்ல, ராத்திரி குழம்பு வச்சிரலாம்" என்றார்.

யாங்சூன் தொட்டியைத் தூக்கவில்லை.

"நீங்க போங்க. நான் வரல."

"வரலன்னா?"

"நூடுல்ஸ் கடைக்காரி கடைக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா கிடக்கு. அடுப்பும் இருக்கு. நான் இங்கயே இருந்து தூபு போட்டுக்கிறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"பஸ் ஊருக்குள்ள வர்ற வரைக்கும்."

பாங்சிக் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏய், சனம் பாக்குது. ஒரு பஸ்ஸுக்காகவா புருசனை விட்டுட்டு இருப்பாங்க?"

யாங்சூன் கையிலிருந்த துணியை நிதானமாக மடித்தாள். "நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து எங்க போகணும்னாலும் உங்கப்பாவைக் கேட்டேன், உங்கம்மாவைக் கேட்டேன், உங்களைக் கேட்டேன். கேக்காமப் போக முடிஞ்சது அந்தப் பஸ்ல மட்டுந்தான். கையைக் காட்டினா நின்னுச்சு. எதுக்குப் போறே, எப்ப வருவேன்னு ஒருநாளும் கேக்கல. எதிராளி காட்டைப் பாத்து வாயாடல. உங்களுக்கு அது புகை. எனக்கு அது காலு."

கணவாய் மீன் விற்கிறவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாங்சிக் வண்டியில் ஏறிவிட்டார். திரும்பி வரும் வழியில் எந்தக் காட்டையும் பார்க்கவில்லை.

வீட்டில் அவர் எதிர்பார்த்த அமைதி வந்து சேர்ந்தது. மிளகாய் கரிபடாமல் சிவப்பாகக் காய்ந்தது. சன்னல் நடுங்கவில்லை. முதல் இரண்டு நாள் அவர் முற்றத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த அமைதியை அனுபவித்தார். அப்புறம் பசித்தது. உடனடி நூடுல்ஸை வேகவைத்துத் தின்றார். மறுநாளும் அதுவே. கிம்ச்சிப் பானையின் அடி தெரிந்தது. ஒரு மதியம் அசந்து தூங்கிவிட்டபோது மழை பிடித்துக்கொண்டு, காய்ந்த மிளகாய் மொத்தமும் முற்றத்தில் மிதந்தது. நனைந்ததை வாரி உள்ளே கொட்டிக்கொண்டிருக்கும்போது பொல்கியோக்காரி குடையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அடடா, கரிகூடப் படியாம எம்புட்டுச் சுத்தமா நனைஞ்சிருக்கு" என்றாள்.

மறுநாள் பாங்சிக் குளித்து, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வட்ட அலுவலகத்துக்குப் போனார். படியேறியதுமே உள்ளே ஒரு நாற்காலி காலியானது. செயா மட்டும் நகரவில்லை.

"வாங்கய்யா. பஸ்தான் இப்ப வரலையே?"

"அதுதாம்மா. வரலைன்னு மனு கொடுக்க வந்திருக்கேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாடு அவருக்கே தெரிந்தது.

"நீங்க கேட்டுத்தானய்யா நிறுத்தினாங்க?"

"நான் ஆயிரம் கேப்பேன். கேக்குறதையெல்லாம் கொடுக்கிறதா கவர்மென்டு? இத்தனை வருசம் கொடுக்காம இருந்தீங்கள்ல, அப்படியே இருந்திருக்கலாம்ல?"

செயா அவருக்குக் காகிதக் குவளையில் காப்பி கலந்து கொடுத்தாள். "இப்ப எல்லாரும் எப்படிய்யா டவுனுக்கு வர்றாங்க?"

"எப்படி வருவாங்க? நான்தான். போறேன், வாரேன், மறுபடி போறேன், மறுபடி வாரேன். காலி வண்டியை ஓட்டிக்கிட்டு மேடேறுறேன். டீசல் டேங்கு வாரத்துக்கு ரெண்டு தரம் காஞ்சு போகுது. மத்த வீட்ல அவனவன் ஆளுக்கொரு லாரியை எடுத்துக்கிட்டு வாரான்."

அவள் கணிப்பொறியில் எதையோ தட்டினாள்.

"நான் அப்பவே சொன்னேன்யா. பஸ் புகை குறைஞ்சுதுன்னு மேல காட்டியாச்சு, பாராட்டும் வந்தாச்சு. உங்க ஊரு லாரிங்க விடுற புகை எந்தக் கணக்குலயும் ஏறல. ஏத்திப் பாத்தா, பஸ் ஓடினப்ப இருந்ததை விட இப்ப கூட இருக்கு. நீங்க ஒரு ஆளே ஒரு பஸ்ஸுய்யா. என்ன, டிக்கெட் மட்டும் கிழிக்கல."

"அப்ப பஸ்ஸைத் திரும்ப விடுங்க."

"ஒரு வழி இருக்கு. மின்சாரப் பஸ் வாங்குறாங்க. புகையே விடாது. ஆனா கடைசி ஊர்ல நின்னு கரண்டு ஏத்திக்கணும். டெப்போவுக்கு வெறும் வண்டியாப் போயிட்டுப் போயிட்டு வந்தா பாதி கரண்டு அதுக்கே போயிடும். அதுக்கு இடம் வேணும். எந்த ஊர்லயும் இடம் கொடுக்க மாட்டேங்கிறாங்க. உங்க முத்தத்துல அளந்து பாத்தா இடம் இருக்கு, ஆனா வண்டி நீளம். அந்தக் கடக்கோடியில ஒரு பசுமைக்குடில் நிக்குதே, அது இருந்தா வளையாது."

அந்தப் பிளாஸ்டிக் குடிலில்தான் பாங்சிக் மிளகாய் நாற்று விடுவார். கம்பியை அவரே வளைத்துக் கட்டியது.

"அது எதுக்கும்மா உங்களுக்கு?"

"பசுமைக்குடில் வாயுவைக் குறைக்கிறதுக்குத்தானய்யா இத்தனையும்."

பாங்சிக் காப்பிக் குவளையை மேசையில் வைத்தார். "அட, அதுக்கு ஏன் பஸ்ஸையும் லாரியையும் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க? குடில்லருந்துதான் வாயு வருதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நானே பிரிச்சிருப்பேனே. உள்ள வெறும் மிளகாய் நாத்து. உரம் போட்டா லேசா ஒரு நாத்தம் வரும். அது இம்புட்டுத் தூரத்துக்கா வந்து அடிக்குது?"

செயா முகத்தைக் கணிப்பொறிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அவள் விளக்கி முடிக்கப் பாதி மதியம் ஆனது. வானம் ஒரு குடில் மாதிரி, புகை அதன் மேல் பிளாஸ்டிக் தாள் மாதிரி என்றதும் பாங்சிக்குக்குப் பிடிபட்டது. கோடையில் குடிலுக்குள் போய் நின்றவருக்கு அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை.

"மூச்சு முட்டிச் சாவோம்ல?" என்றார்.

"அதேதான்யா. அடுத்த வாரம் ஊர் மக்கள் கூட்டம் வச்சிருக்கோம். வந்து பேசுங்க. நான் சொன்னா எடுபடாது."

கூட்டம் டவுன் மண்டபத்தில். டால்மியே திரண்டு போயிருந்தது. அதிலும் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போனது பாங்சிக்தான். கடைசி வரிசையில், நூடுல்ஸ் கடைக்காரிக்குப் பக்கத்தில், யாங்சூன் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை வெட்டிச் சுருட்டியிருந்தாள். வீட்டில் இருந்ததை விடக் கொஞ்சம் இளமையாகத் தெரிந்ததை பாங்சிக் கவனித்தார். அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அவர் எழுந்து மின்சாரப் பஸ்ஸை டால்மிக்கு விடவேண்டும் என்றதும், நாம்குங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கத்தைக் காகிதத்தைப் பிரித்தார்.

"மா பாங்சிக் ஐயா, இதெல்லாம் நீங்க எழுதினதுதானே? 'இந்தப் பஸ் எமராஜா அனுப்பிய வாகனம்.' இது ஒண்ணு. 'பஸ் வரும் ஊரில் மனிதன் வாழ முடியாது.' இது ஒண்ணு. 'இந்தப் பஸ்ஸை நிறுத்தாவிட்டால் நான் சக்கரத்துக்கு அடியில் படுப்பேன், என் உயிருக்கு அலுவலகமே பொறுப்பு.' படுக்கலையேய்யா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பாங்சிக்கின் காது மடல் சிவந்தது.

"எழுதினது நான்தான். அப்ப எனக்கு வயித்துல சோறு இருந்துச்சு, வாயில கொழுப்பு இருந்துச்சு, வீட்ல பொண்டாட்டி இருந்தா. இப்ப மூணும் இல்ல."

சிரிப்பு இன்னும் ஓங்கியது. ஓக் கைதட்டினார். யாங்சூன் சிரிக்கவில்லை, கூரையைப் பார்த்தாள்.

"சிரிக்காதீங்க, சொல்லிடுறேன். பஸ்ஸு புகை விட்டுச்சு, வாஸ்தவம். ஆனா என் கண்ணுக்கு என் மொளகா மேல படிஞ்ச புகைதான் தெரிஞ்சுது. இப்ப நானே நாளு பூரா விட்டுக்கிட்டு அலையுறேன். அது யாரு மொளகா மேல படியுதோ எனக்குத் தெரியல. பஸ்ஸை எடுத்தா சனம் வீட்ல இருக்கும்னு நெனச்சீங்க. சனம் எங்கய்யா வீட்ல இருக்கு? எலும்பு டாக்டரு, பல்லு டாக்டரு, சந்தை. போகத்தான் செய்யும். ஒண்ணாப் போகலைன்னா ஒண்ணொண்ணாப் போகும். அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

நாம்குங் தொண்டையைச் செருமினார். "நல்லாப் பேசுறீங்க. ஆனா கரண்டு ஏத்துற இடம்? யாரும் தரல. அதில்லாம நான் எப்படி..."

"என் வீட்டு முத்தத்தைத் தாரேன். கோடியில இருக்கிற குடிலைப் பிரிச்சிடுறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. தரை முழுக்க சிமென்ட் போடுவோம். கம்பம் நடுவோம். பஸ் மணிக்கணக்கா உங்க வாசல்ல நிக்கும். நாளைக்கு இதுக்கும் ஒரு மனு எழுத மாட்டீங்களே?"

எழுதத்தான் செய்வோம் என்று பாங்சிக்குக்கே தெரியும். அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எழுதினா அவருக்குச் சோறு கிடைக்காது. நான் பொறுப்பு."

யாங்சூன்தான். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். செயா குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள். நாம்குங் சுற்றிலும் பார்த்தார். இடமில்லை என்பதுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே காரணம். அதுவும் இப்போது இல்லை.

குடிலைப் பிரிக்க பாங்சிக்குக்கு ஒரு முழுநாள் பிடித்தது. வளைத்த கம்பியை நிமிர்த்துவது வளைப்பதை விடக் கஷ்டம். ஓக்கும் டிரைவர் குவோனும் கைகொடுத்தார்கள். வேலையாட்கள் வந்து முற்றத்தைத் தோண்டினார்கள், சிமென்ட் ஊற்றினார்கள், கம்பம் நட்டார்கள். பூண்டு நடவு முடிந்து காட்டில் பச்சை முளைத்தது. குளிர் வந்தது, போனது. அத்தனை நாளும் யாங்சூன் டவுனில்தான். சந்தை நாளில் அவர் ஊர்ப் பெண்களை இறக்கிவிட்டுவிட்டு அவள் கடைப்பக்கமாக லாரியை மெதுவாக ஓட்டுவார். அவள் நிமிர மாட்டாள். ஆனால் மறுநாள் பொல்கியோக்காரி கையில் ஒரு டப்பா கிம்ச்சி வரும். "யாரு கொடுத்தான்னு கேக்காதீங்க, சொல்லக் கூடாதாம்" என்பாள்.

புதுப் பஸ் வந்த நாளில் ஊரே முற்றத்தில் கூடியிருந்தது. எல்லாரும் வழக்கம்போல மேட்டுப்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஓக் ஒலிபெருக்கியில் வரவேற்புரையை ஆரம்பித்து, "இன்னும் சற்று நேரத்தில்" என்று சொல்லும்போதே பஸ் அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தவர் மைக்கோடு சேர்ந்து துள்ளியதில் கூம்பிலிருந்து வந்த கீச்சொலியில் நாய்கள் மூலைக்கொன்றாக ஓடின. பஸ் ஒரே வளைப்பில் திரும்பியது. புகை இல்லை. பாங்சிக் பின்பக்கம் போய்க் குனிந்து, குழாய் இருக்கவேண்டிய இடத்தைத் தேடிப் பார்த்தார்.

கதவு திறந்தது. பொல்கியோக்காரி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் குவோன் இறங்கினார். அதற்கப்புறம் யாரும் இறங்கவில்லை. பாங்சிக் எட்டி உள்ளே பார்த்தார். சீட்டுகள் பளபளவென்று காலியாக இருந்தன.

"அவ?"

"வரலண்ணே" என்றார் குவோன். "கூப்பிட்டேன். வேலை இருக்குன்னுட்டாங்க."

"பஸ் வந்தா வாரேன்னாளே! அதுக்குத்தானடா குடிலைப் பிரிச்சேன்?"

"என்கிட்ட என்னண்ணே கேக்கிறீங்க? நான் வண்டியை ஓட்டுறவன்."

கூட்டம் அவரைப் பார்க்காமல் பஸ்ஸைப் பார்த்தது. சிலர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். பாங்சிக் சிறிது நேரம் சிமென்ட்டுத் தரையில் நின்றார். அப்புறம் வீட்டுக்குள் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். லாரிச் சாவி ஆணியில் தொங்கியது. எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி, எந்த சீட்டு என்று தெரியாமல் தடுமாறி, டிரைவருக்கு நேர்பின்னால் உட்கார்ந்தார்.

"அண்ணே," குவோன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "கரண்டு ஏறணும். ஒரு மணி நேரமாவது ஆகும்."

"ஏறட்டும். நான் இருக்கேன்."

இருந்தார். ஊர்ச்சனம் ஒவ்வொருவராக வந்து சன்னல் வழியே அவரைப் பார்த்துவிட்டுப் போனது. அவர் நேராக முன்னால் பார்த்தபடி, முழங்காலில் கையை வைத்து, உட்கார்ந்தே இருந்தார்.

டவுன் சந்தையில் யாங்சூனின் கடைக்கு முன்னால் கூட்டம். தூபுத் தொட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பாங்சிக் ஓரமாக நுழையப் பார்த்தார்.

"வரிசையில நில்லுங்க" என்றாள் அவள், நிமிராமலே.

நின்றார். முன்னால் ஒரு ஓட்டல்காரர், ஒரு கிழவி, கைக்குழந்தையோடு ஒரு பெண். ஒவ்வொருவருக்கும் யாங்சூன் அளந்து, வெட்டி, தண்ணீர் வடித்து, பையில் போட்டு, இரண்டு வார்த்தை பேசி அனுப்பினாள். அவர் முறை வந்தது.

"எத்தனை துண்டு?"

"ஒண்ணு." கொஞ்சம் பொறுத்து, "வீட்டுக்கு வாயேன்" என்றார்.

அவள் துண்டைக் கையில் எடுத்தபடி அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். "லாரி எங்க?"

"கொண்டு வரல. பஸ்ல வந்தேன்."

"நீங்க? பஸ்லயா?"

"ம். கையைக் காட்டினேன், நின்னுச்சு" என்றார். அது பொய். பஸ் அவருடைய முற்றத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அப்படிச் சொல்லவேண்டும் போலிருந்தது.

யாங்சூன் தூபுவைப் பையில் போட்டாள். முடிச்சுப் போட்டாள். போட்ட முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

"சந்தைக்கு முந்தின ராத்திரி நான் இங்கதான் தங்குவேன். இந்த அடுப்பு நல்லா எரியுது."

"சரி."

"மத்த நாள் வருவேன், போவேன். எங்கன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"திரும்பிப் போற பஸ் எத்தனை மணிக்கு?"

பாங்சிக் விழித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸைப் பற்றி மனு மேல் மனு எழுதி, ஒரு குடிலையும் ஒரு முற்றத்தையும் கொடுத்த மனுசனுக்கு அது மட்டும் தெரியவில்லை.

யாங்சூன் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தப் பார்த்தும் முடியாமல், கையில் தூபுத் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தாள்.

"இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள அந்தக் காலித் தொட்டியெல்லாம் குழாயடியில கழுவிக் கவுத்துங்க. அடியில பிசுபிசுப்பு இல்லாமத் தேய்ங்க."

பாங்சிக் நல்ல சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிகளைத் தூக்கினார்.